குணமாகாதவர் பெயரில் ஒரு பரிசு

கடையநல்லூரில் ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால், மலைக்கு இந்தப் பக்கம் போவதா அந்தப் பக்கம் போவதா என்பதுதான் முதல் யோசனை. இந்தப் பக்கம் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. அந்தப் பக்கம் என்றால் செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் வழியாகத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. 1981இல் தொடங்கிய அந்த மண்டலப் புற்றுநோய் மையத்துக்குத் தென்காசி, நெல்லை, குமரிப் பக்கத்து ஆட்கள் போய்வருவது புதிதல்ல. நகை அடகுக்குப் போகும். வளைகுடாவில் இருக்கும் மகனுக்குப் போன் போகும். ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைப்பது என்று மாதங்கள் ஓடும். பலருக்கு நோய் தீர்ந்துவிடும். சிலருக்குத் தீராது. தீராதவர்களின் வீட்டார், நாட்டின் எந்த ஆஸ்பத்திரியிலும், ஒருநாள் அந்த வாக்கியத்தைக் கேட்க நேரும்: “இனிமே இங்க வச்சுப் பாக்கதுக்கு ஒண்ணுமில்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க.”

அதைச் சொல்லும் டாக்டர் பெரும்பாலும் கல்நெஞ்சக்காரர் அல்ல. அந்த வாக்கியத்துக்குப் பிறகு வரவேண்டியது என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வலிக்கு எந்த மருந்து, எத்தனை மணிக்கு ஒருமுறை? புண்ணின் நாற்றத்தால் பேரப்பிள்ளைகள் கிட்டே வர மறுக்கிறார்களே, அதற்கு என்ன செய்வது? “எனக்கு என்னதான் வியாதி?” என்று நோயாளி தனியாக இருக்கும்போது கேட்டால் என்ன பதில்? ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ். படிப்பில் இந்தக் கேள்விகளுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் நம் நாட்டில் நெடுங்காலம் ஏறக்குறைய பூஜ்யமாகவே இருந்தது.

இந்தக் குறையை நிரப்ப வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் சிறிய ஏற்பாடு ஒன்று உண்டு. இறந்துபோன ஒருவரின் பெயரில் குடும்பத்தாரோ நண்பர்களோ ஒரு வைப்புநிதி வைப்பார்கள். நோய் ஆதரவு சிகிச்சையில், அதாவது ‘பாலியேட்டிவ் கேர்’ என்று நாம் ஆங்கிலத்திலேயே சொல்லிப் பழகிவிட்ட துறையில், தேர்ச்சி காட்டும் மருத்துவ மாணவருக்கு ஆண்டுதோறும் அந்த வட்டியிலிருந்து நினைவுப் பரிசு போகும். தொகை பெரிதாக இருக்காது. ஆனால் இத்தகைய பரிசு எழுப்பும் கேள்வி பெரிது: மருத்துவத்தில் எதைச் சிறப்பு என்கிறோம்? தமிழ்நாட்டில், குறிப்பாக மருத்துவக் கல்லூரியே இல்லாத தென்காசி போன்ற மாவட்டத்தின் கண்ணோட்டத்தில், இதற்கு என்ன பொருள்? இத்துறையின் பிறப்பு, இந்தியாவில் அது பட்ட பாடு, பாடத்திட்டத்தில் அதற்குக் கிடைத்திருக்கும் இடம், பரிசுக்கு எதிராகச் சொல்லக்கூடியவை என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நினைவிலிருந்து எழுந்த கட்டடங்கள்

இறந்தவரின் நினைவை மருத்துவமாக மாற்றும் வழக்கம் தமிழகத்துக்குப் பழையது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1902இல் திறந்த மருத்துவமனைக்கு மேரி டேபர் ஷெல் என்று பெயர். நியூயார்க்கைச் சேர்ந்த வங்கியாளர் ஒருவர் தம் மறைந்த மனைவியின் நினைவாகக் கொடுத்த பணத்தில் எழுந்த கட்டடம் அது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் பின்னாலும் ஒரு மரணம் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்த இழப்பை முப்பது ஆண்டுகளுக்கு மேல் மனத்தில் சுமந்த அக்கா, 1954இல் மருத்துவமனையைத் தொடங்கிவைத்தார்.

கல்லூரிகளுக்குள்ளும் இந்த வழக்கம் உண்டு. எண்டோமென்ட் மெடல், ‘பிரைஸ் எக்ஸாம்’ என்ற சொற்கள் நம் மருத்துவ மாணவர்களுக்கு நன்றாகத் தெரிந்தவை. யாரோ ஒரு பேராசிரியர், யாரோ ஒரு தகப்பனார், யாரோ ஒரு மகன் பெயரில் தங்கப் பதக்கம். அறுவை சிகிச்சையில் முதல், பொது மருத்துவத்தில் முதல், மகப்பேற்றில் முதல். பட்டமளிப்பு விழா மேடையில் ஒரே பெயர் நான்கைந்து முறை ஒலிக்கும். கைதட்டல் கூடிக்கொண்டே போகும்.

இந்தப் பதக்கங்களின் உள்ளே இருக்கும் எண்ணம் எளியது: என் மனிதரைக் காப்பாற்ற முடியாமல் போனது, அடுத்தவரையாவது காப்பாற்றும் டாக்டர் உருவாகட்டும். நோய் ஆதரவு சிகிச்சைக்கான நினைவுப் பரிசு இந்த இடத்தில் வேறுபடுகிறது. அடுத்தவரும் பிழைக்காமல் போகலாம் என்பதை அது முதலிலேயே ஒப்புக்கொள்கிறது. பிழைக்காதவரைப் பார்த்துக்கொள்வதிலும் கெட்டிக்காரத்தனம் உண்டு, அதற்கும் முதல் மதிப்பெண் உண்டு என்கிறது. வெற்றியை நோயாளியின் உயிரால் அளந்து பழகிய கல்விக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்தி.

ஐந்நூறு பவுண்டும் ஒரு ஜன்னலும்

இத்துறையின் தோற்றத்திலேயே ஒரு நினைவுக்கொடை இருக்கிறது. போலந்திலிருந்து லண்டன் வந்து ஓட்டலில் வேலை பார்த்த டேவிட் டாஸ்மா என்ற யூதர் 1948இல் புற்றுநோயால் இறந்தார். வயது நாற்பது, சொந்தபந்தம் யாருமில்லை. அவரைப் பார்க்கப் போய்வந்தவர் மருத்துவமனைச் சமூகப் பணியாளராக இருந்த சிசிலி சாண்டர்ஸ். சாகிறவர்களுக்கென்று ஓர் இடம் எப்படி இருக்க வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். டாஸ்மா தம்மிடமிருந்த 500 பவுண்டை அவருக்கு எழுதிவைத்தார். அந்த வீட்டில் தாம் ஒரு ஜன்னலாக இருப்பதாகச் சொன்னார்.

அதன் பிறகு நடந்ததுதான் மருத்துவ மாணவர் பற்றிய நம் விஷயத்துக்கு நேரே வருகிறது. செவிலியராகப் பயிற்சி பெற்று, பிறகு சமூகப் பணிக்கு வந்தவர் சாண்டர்ஸ். சாகிறவர்களுக்காக உழைக்க விரும்புகிறேன் என்று அவர் சொன்னபோது, நார்மன் பாரெட் என்ற அறுவை மருத்துவர், போய் மருத்துவம் படி என்றார். சாகிறவர்களைக் கைவிடுகிறவர்கள் டாக்டர்கள்தான் என்பது அவர் சொன்ன காரணம். முப்பத்து மூன்று வயதில் சாண்டர்ஸ் மருத்துவ மாணவியானார். 1957இல் பட்டம் பெற்றார். கிழக்கு லண்டனில் கன்னியர் நடத்திய ஒரு விடுதியில், வலி வந்தபின் மருந்து என்பதை மாற்றி, வலி வருமுன் கடிகாரத்தைப் பார்த்து மருந்து என்ற முறையை நிலைநிறுத்தினார். 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் திறந்தது. டாஸ்மாவின் ஜன்னல் அதில் இருக்கிறது. 500 பவுண்டு ஒரு கட்டடமாக மாறப் பத்தொன்பது ஆண்டுகள் பிடித்தன.

சாண்டர்ஸ் கொடுத்த முக்கியமான கருத்து ‘முழு வலி’. உடம்பு வலிக்கிறது, மகள் கல்யாணம் நிற்கிறதே என்று மனம் வலிக்கிறது, வருமானம் நின்றதால் வீடு வலிக்கிறது, ஏன் எனக்கு இப்படி என்ற கேள்வி அதற்கும் ஆழத்தில் வலிக்கிறது. இவை நான்கும் ஒன்றையொன்று வளர்க்கும். ஒன்றை மட்டும் தணித்தால் மற்றது தூங்கவிடாது. பின்னர் கனடாவில் பால்ஃபர் மவுன்ட் ‘பாலியேட்டிவ் கேர்’ என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மேலங்கியைக் குறிக்கும் லத்தீன் சொல் அதன் வேர். 1987இல் பிரிட்டன் இதைத் தனி மருத்துவத் துறையாக ஏற்றது. துறை என்று ஆனபின்தான் பேராசிரியர் வந்தார், தேர்வு வந்தது, தேர்வைத் தொட்டுப் பரிசும் வந்தது. வரிசை இதுதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அபின் விளையும் நாட்டில் வலி

இந்தியாவில் இறுதிக்காலப் பராமரிப்புக்கென்று முதல் இல்லம் 1986இல் மும்பையில் வந்தது: டாக்டர் எல்.ஜே. டிசூசா தொடங்கிய சாந்தி அவேத்னா. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கான மூன்று படி ஏணியை வெளியிட்டது. சாதாரண வலிமாத்திரை முதல் படி, மிதமான அபின்வகை மருந்து இரண்டாம் படி, மார்பின் மூன்றாம் படி. வாய்வழியாக, நேரம் தவறாமல், படிப்படியாகக் கொடுத்தால் பெரும்பாலான புற்றுநோய் வலியை வீட்டிலேயே அடக்கிவிடலாம் என்பது அதன் சாரம்.

ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுதான், 1985இல், போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்திருந்தது. மார்பின் வைத்திருக்க மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு உரிமங்கள். கணக்கில் பிசகினாலும் சிறைக்குப் போக நேருமோ என்ற பயம். மருந்துக்கடைகள் ஒதுங்கின, ஆஸ்பத்திரிகள் ஒதுங்கின. நாட்டின் மார்பின் பயன்பாடு 97 விழுக்காடு சரிந்து, 1997இல் வெறும் 18 கிலோவாகச் சுருங்கியது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேச வயல்களில் அரசு அனுமதியோடு அபின் விளைகிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசே ஆலை வைத்திருக்கிறது. அந்த நாட்டில் புற்றுநோயாளி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். ஒரு தலைமுறை டாக்டர்கள் மார்பினைக் கையால் தொடாமலே படித்து முடித்தார்கள் என்பதுதான் இதில் இன்னும் பெரிய சேதம். சட்டத்தைத் திருத்திவிடலாம், பழகாத கையைப் பழக்க நாளாகும். 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்பின் உள்ளிட்ட ஆறு மருந்துகள் ‘அத்தியாவசிய’ வகையாகி, நாடு முழுவதற்கும் ஒரே விதி வந்தது. தயக்கம் மட்டும் அதே வேகத்தில் போய்விடவில்லை.

இதற்கு நடுவே மலைக்கு அந்தப் பக்கம் வேறு கதை. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் வலி நிவாரண அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். ராஜகோபால் மயக்கவியல் மருத்துவர். தம்மைத் திருப்பிய நிகழ்ச்சியை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். புற்றுநோய் வலியோடு வந்த கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு நரம்பை மரக்கச்செய்யும் ஊசி போட்டார், வலி நின்றது. இது நோயைத் தீர்க்கும் சிகிச்சை அல்ல என்பது பேச்சோடு பேச்சாகத்தான் நோயாளிக்குத் தெரியவந்தது. வீடு திரும்பியவர் உயிரை மாய்த்துக்கொண்டார். ஊசி சரியாகப் போட்டாயிற்று. மனிதரிடம் பேசத்தான் தவறிவிட்டது. வகுப்பில் சொல்லித்தரப்படாத பாடம் எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2003இல் அவர் திருவனந்தபுரத்தில் ‘பாலியம் இந்தியா’வை நிறுவினார், 2018இல் பத்மஸ்ரீ வந்தது.

கேரளத்தின் உண்மையான சாதனை இந்தச் சிகிச்சையை ஆஸ்பத்திரிக்கு வெளியே கொண்டுவந்ததுதான். மலப்புறம் பக்கத்தில் ஆசிரியர், கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், மாணவர் என்று பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் அக்கம்பக்கத்துப் படுக்கை நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வலை உருவானது. சில்லறைக் காசாகச் சேர்ந்த நிதி. வளைகுடாவிலிருந்து வந்த பணம். 2008இல் மாநில அரசு தனிக் கொள்கையே அறிவித்து உள்ளாட்சிகளிடம் பொறுப்பைக் கொடுத்தது. ஆனால் நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், 2015இல் 80 நாடுகளில் சாவின் தரத்தை அளந்த ஓர் ஆய்வில் இந்தியா 67ஆம் இடத்தில் நின்றது.

உலகக் கணக்கும் ஒருதலைப்பட்சம்தான். ஆண்டுக்கு 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இச்சிகிச்சை தேவை, சுமார் 14 விழுக்காட்டினருக்கே கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகில் ஆண்டுதோறும் விநியோகமாகும் 298.5 டன் அபின்வகை வலிமருந்தில் மிக ஏழை நாடுகளுக்குப் போய்ச்சேர்வது 0.1 டன் என்று 2017இல் லான்செட் ஆணையம் எழுதியது. தேவைப்படுவோரில் புற்றுநோயாளிகள் மூன்றில் ஒரு பங்குதான் என்பதும் கவனிக்க வேண்டியது. இதய, ரத்தக்குழாய் நோய்களால் தேவைப்படுவோர் அதைவிட அதிகம். பக்கவாதத்தில் கிடப்பவர், சிறுநீரகம் செயலிழந்தவர், பீடிப்புகையிலும் பஞ்சுத் தூசியிலும் நுரையீரல் கெட்டவர், நினைவு மங்கிய மூதாட்டி எல்லாரும் இந்தக் கணக்கில் வருவார்கள்.

பாடத்தில் இருக்கிறது, பரீட்சையில்?

2010இல் மருத்துவக் கவுன்சில் நோய் ஆதரவு சிகிச்சையில் எம்.டி. படிப்பை ஏற்றது; 2012இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் வகுப்பு தொடங்கியது. இளநிலைப் படிப்பில் மாற்றம் 2019இல் சேர்ந்த அணியிலிருந்து. திறன்சார் பாடத்திட்டம் வந்தபோது, மயக்கவியலில் இறுதிநிலை நோயாளியின் வலியைத் தணிக்கும் கோட்பாடுகள் இடம்பெற்றன. நோயாளியிடம் பேசுவதற்கும் அறநெறிக்கும் ‘ஏட்காம்’ என்ற தனித் தொகுதி வந்தது. ஆக, கதவு திறந்திருக்கிறது. ஆனால் மாணவர் மனத்தில் ஒரு கணக்கு ஓடும்: யூனிவர்சிட்டி பரீட்சையில் வருமா, நீட் முதுநிலையில் கேட்பார்களா? இரண்டுக்கும் இல்லை என்றால், அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போவார்கள். குற்றம் சொல்ல முடியாது. அளக்கப்படுவதைத்தான் யாரும் படிப்பார்கள்.

இத்துறை ‘ஆறுதல் சொல்வது’ என்ற எண்ணம் டாக்டர்களிடமே இருப்பதால், இதில் படிக்க என்ன இருக்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். வாய்வழி மார்பின் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போக வேண்டும். வலி அடங்கும்வரை அளவைக் கூட்ட வேண்டும். எல்லாருக்கும் பொதுவான உச்ச அளவு என்று ஒன்றில்லை. முதல் நாளே மலமிளக்கியும் எழுத வேண்டும். மறந்தால் வலி போன இடத்தில் மலச்சிக்கல் வந்து உட்காரும். சிறுநீரகம் கெட்டவருக்கு அளவும் இடைவெளியும் மாறும். வெடித்த புற்றுப்புண்ணின் நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்மேல் தூவினால் சில நாளில் அந்த அறைக்குள் ஆட்கள் வந்து உட்காரத் தொடங்குவார்கள். மாத்திரையின் விலையோ அற்பம். மூச்சுத்திணறலுக்கு முகத்துக்கு நேரே மின்விசிறியும் மிகச்சிறு அளவு மார்பினும் உதவும். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். தனியாக இருக்கும் கிழவி தன் புருஷனை எப்படித் திருப்புவாள் என்பதையும் டாக்டர்தான் யோசிக்க வேண்டும்.

பேச்சும் பயிற்சியால் வருவதே. கெட்ட செய்தி சொல்வதற்கு 2000இல் வெளிவந்த ஆறு படி முறை ஒன்று உலகமெங்கும் கற்றுத்தரப்படுகிறது. உட்கார ஓர் இடம் பார்ப்பதும், நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பதும் அதில் முதலிலேயே வருகின்றன. செய்தி அதற்குப் பிறகுதான். நம் ஊரில் இதற்கு முன்னால் இன்னொரு படி உண்டு. “அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர், தாங்கமாட்டாக” என்று வாசலிலேயே மகன் கையைப் பிடித்துக்கொள்வார். உள்ளே அப்பா, பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று தெரியாததுபோலப் படுத்திருப்பார். இந்த இரட்டை நாடகத்தை யாரையும் புண்படுத்தாமல் அவிழ்ப்பது எந்த ஆங்கிலப் பாடநூலிலும் முழுதாகக் கிடைக்காத கலை.

தாமதமாக அழைக்கக்கூடாது என்பதும் படிப்பின் பகுதிதான். அமெரிக்காவில் 151 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலிருந்தே ஆதரவு சிகிச்சையும் பெற்றவர்கள் மனநிலையில் மேம்பட்டிருந்தார்கள். வாழ்நாளும் இடைமதிப்பில் 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதமாக நீண்டது. ‘எல்லாம் முடிந்தபின் இது’ என்ற நினைப்பை அசைத்த ஆய்வு அது.

தென்காசிக் கணக்கு

2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமானது. 2022இல் தமிழ்நாட்டில் ஒரே நாளில் பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டபோது அந்தப் பட்டியலில் தென்காசி இல்லை. கடையநல்லூர்ப் பிள்ளைகள் டாக்டர் படிப்புக்கு 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்கோ இன்னும் தொலைவுக்கோ போக வேண்டும். 2020இல் வந்த 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீட்டுக்குப் பிறகு, தறிச்சத்தத்துக்கும் பீடித்தட்டுக்கும் நடுவே வளர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் அந்த வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். படுக்கையில் கிடக்கும் தாத்தாவை வைத்துக்கொண்டு ஒரு வீடு எப்படிச் சோறு பொங்கும், எப்படி வேலைக்குப் போகும் என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். அந்த அறிவுக்கு இதுவரை மதிப்பெண்தான் இல்லை.

கல்லூரி இல்லாவிட்டாலும், சிகிச்சை வீட்டுக்கு வர வழி உண்டு. 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு நோய் ஆதரவு சிகிச்சையையும் இயன்முறை சிகிச்சையையும் வாசலுக்குக் கொண்டுபோகிறது. வட்டாரத்துக்கு ஒரு ஆதரவு சிகிச்சைச் செவிலியர், ஊருக்கு ஊர் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் என்பது அதன் அமைப்பு. 2024இல் ஐ.நா. விருதும் அதற்குக் கிடைத்தது. எந்தத் தெருவில் யார் படுக்கையில் கிடக்கிறார் என்ற வரைபடம் அந்தப் பெண்களின் தலைக்குள் இருக்கிறது. எந்த மருத்துவக் கல்லூரி நூலகத்திலும் அது கிடைக்காது.

இன்னொன்றும் உண்டு. மலப்புறத்தை மலப்புறமாக்கிய கூறுகளில் பாதி கடையநல்லூரிலும் இருக்கிறது: வளைகுடாப் பணம், பள்ளிவாசலையும் தெருவையும் சுற்றி அமைந்த கட்டுக்கோப்பு, மௌத்து வீட்டுக்கு ஊரே திரளும் பழக்கம். சாவுக்குப் பிறகு திரளும் அந்தக் கூட்டம் மூன்று மாதம் முன்னதாகவே, இரண்டிரண்டு பேராக, வந்துபோனால் அதுதான் அக்கம்பக்க ஆதரவு சிகிச்சை. கற்றுக்கொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. செங்கோட்டை ரயில் புனலூருக்குப் போகிறது.

பரிசு தேவையா?

எதிர்ப்பு வாதங்கள் வலுவானவை. முதலாவது: சாவில் என்ன போட்டி? ஒருவர் கடைசிமூச்சை வைத்து இன்னொருவர் மெடல் வாங்குவதா? இரண்டாவது: இந்தச் சிகிச்சையைச் செய்வது ஒரு கூட்டம். செவிலியர், தன்னார்வலர், மருமகள் என்று எட்டுக் கைகள் தூக்கியதற்கு ஒரு கழுத்தில் மாலை விழுவது அநியாயம். மூன்றாவது: கட்டுரைப் போட்டி என்று வைத்தால் அழகான ஆங்கிலத்தில் உருக்கமாக எழுதுகிறவர் ஜெயிப்பார், வார்டில் வாய் திறக்காமல் நோயாளியின் வாயைத் துடைத்துவிடும் பையன் தோற்பான். நான்காவது: அந்தப் பணத்துக்கு மார்பினும் மெத்தையும் வாங்கலாமே.

கடைசி வாதத்துக்குப் பதில் எளிது. மார்பின் வாங்கலாம், எழுதத் தெரிந்த டாக்டர் வேண்டும். 2014க்குப் பிறகு நம் நெருக்கடி சட்டத்திலிருந்து கைக்கு நகர்ந்துவிட்டது. மற்ற மூன்றும் பரிசின் வடிவத்தைப் பற்றியவை. வடிவத்தை மாற்றினால் அவற்றின் கூர் மழுங்கும். வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பார்த்துக்கொள்பவர். நம் பதக்கங்கள் எல்லாம் இரண்டாமவருக்கும் மூன்றாவதற்கும் போனவை. இந்தப் பரிசு முதலாமவரையும் நான்காமவரையும் கேட்டு முடிவுசெய்யப்பட்டால் அதற்கு ஒரு நியாயம் உண்டு.

அப்படியானால் அதைக் கட்டுரைக்குக் கொடுக்கக்கூடாது. 2021-22 முதல் ஒவ்வொரு எம்.பி.பி.எஸ். மாணவரும் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் விதித்திருக்கிறது. அந்தக் குடும்பங்களில் ஒன்றில் தீராத நோயாளி இருந்தால், மாதக்கணக்கில் அவரைப் போய்ப் பார்த்து எழுதும் லாக் புக்தான் பரிசுக்கான விடைத்தாள். அதில் வலி பத்துக்கு எத்தனை என்று ஒவ்வொரு முறையும் குறித்திருக்க வேண்டும். தவறிய இடமும் எழுதியிருக்க வேண்டும். தமிழில் எழுதலாம், நோயாளி சொன்னதை அவர் சொன்ன தமிழிலேயே எழுதினால் இன்னும் நல்லது. நோயாளியின் சம்மதம் இல்லாமல் தொடங்கக்கூடாது. பெயர், தெரு, படம் எதுவும் வெளியே போகக்கூடாது. நடுவர் குழுவில் பேராசிரியரோடு வட்டாரச் செவிலியரும் உட்கார வேண்டும். மருத்துவ மாணவரும் செவிலியர் மாணவியும் சேர்ந்தே விண்ணப்பிக்கலாம் என்றால் கழுத்தும் மாலையும் பற்றிய வாதம் போய்விடும். தங்கத்துக்குப் பதில், கோழிக்கோட்டிலோ திருவனந்தபுரத்திலோ ஒரு மாதம் தங்கிக் கற்றுவரும் செலவு கொடுக்கலாம். வென்றவர் திரும்பிவரும்போது தோற்றவர்களுக்கும் சொல்லித்தர ஏதாவது கொண்டுவருவார்.

ஒரு எச்சரிக்கை. சாண்டர்ஸின் நாட்டில் துறை முதலில், பரிசு பின்னால் என்பதைப் பார்த்தோம். இங்கே பேராசிரியர் பதவியும் கட்டாயப் பணிச்சுழற்சியும் இல்லாமல் பரிசு மட்டும் வந்தால், அது ஆண்டுக்கொருமுறை தூசி தட்டப்படும் கேடயமாகிவிடும். துறை வரட்டும் என்று கைகட்டிக் காத்திருக்கவும் வேண்டாம். ஒரு லாக் புக்கைத் திருத்த ஓர் ஆசிரியர் வேண்டியிருக்கும். அவருக்கு ஒரு அறை வேண்டியிருக்கும். அறை வந்தால் அதன் வாசலில் ஒரு பெயர்ப்பலகை வரும். ஐந்நூறு பவுண்டு போட்ட கணக்கும் இப்படித்தான் இருந்தது.

பரிசுக்கு யார் பெயர்? பெரிய டாக்டர் பெயர் வேண்டியதில்லை. முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை பெரிய மனுஷி அல்ல. டாஸ்மா ஓட்டல் பணியாளர். கடையநல்லூரில் தறி நெய்தவர், பீடி சுற்றியவர், துபாயில் கணக்கெழுதியவர் என்று யாருடைய பெயரும் போதும். அவர் குணமாகவில்லை என்பதே அந்தப் பெயர் அங்கே இருக்கப் போதுமான தகுதி.

அந்தப் பரிசு வேலை செய்கிறதா என்று பார்க்கப் பட்டமளிப்பு விழாவுக்குப் போக வேண்டாம். பத்தாண்டு கழித்து ஏதோ ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில், ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு மகனிடம், அந்தப் பரிசு உள்ள கல்லூரியில் படித்து வந்த டாக்டர் பேசுவதைக் கேட்டால் போதும். வாக்கியம் ஏறக்குறைய பழையதுதான். “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இந்த மருந்த நாலு மணிக்கு ஒருக்கா குடுங்க. வியாழக்கிழம நான் வந்து பாக்கேன்.”